கை நீட்டி வந்த கூட்டம்

போன மாசம் செம்மேட்டிலிருந்து நாலு பையன்கள் பைக்கில் வந்து என் வாசலில் இறங்கினார்கள். மலையில் முதல்தடவையாகக் கால்பந்துப் பந்தயம் வைக்கப் போகிறார்களாம். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ். அதில் ஒருத்தன் துணிந்து கேட்டான்.

"ஏனுங்க பெரியப்பா, கானா நாட்டுக்காரர் க்வாமேவுக்கு நீங்கதான் வண்டி ஓட்டுனீங்களாமா? அவரோட நீங்க நிக்கற போட்டோ ஒண்ணு குடுங்க. பிளெக்ஸ்ல போட்டுட்டா கூட்டம் அள்ளிரும்."

"போட்டோ இல்ல சாமி."

"ஒரு செல்பி கூடவா இல்லீங்க?"

"ஒண்ணு கூட இல்ல கண்ணு."

அவர்கள் நம்பவில்லை. வண்டியைத் திருப்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவன், "பெருசு நல்லா அளந்து உட்டிருக்குது போலடா" என்றது எனக்கு நன்றாகவே கேட்டது. கண்ணுதான் மங்கல், காது இன்னும் பாம்புக் காது.

அவன்மேல் கோபம் இல்லை. பைக் சத்தம் ஓய்ந்த பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். பேச ஆள் இல்லாத வீட்டில் மனசு தானாகவே பேச ஆரம்பித்துவிடும். ஒரு போட்டோகூட இல்லாததற்குக் காரணம் உண்டு. அந்த மனுசன்மேல் போட்டோ விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலையில், எடப்புளி நாட்டில் ஒரு சின்னக் குடியிருப்பு. பல குடியிருப்பு சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் பஸ் போர்டிலும் லாரிக்குப் பின்னால் எழுதியிருக்கிற வாசகத்திலும் படித்ததுதான். மிளகு மூட்டையும் அன்னாசியும் ஏற்றி மலையிறங்கி பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகிற ஜீப்பில் கை பழகினேன். அப்புறம் லாரி. கேரளாவுக்கு அன்னாசி கொண்டுபோனபோது மலப்புரம் பக்கத்தில் ஆக்சில் ஒடிந்து நின்றுவிட்டது. சாமான் வருகிற வரைக்கும் பக்கத்து வயலில் மூங்கில் கேலரி கட்டி நடந்த பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அங்கே ஒரு டீமின் வேன் டிரைவருக்குக் காய்ச்சல். "வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று குடையோடு ஒருத்தர் வந்து கேட்டார். அன்றைக்கு ஏறினவன் இருபது வருசத்துக்கு மேல் இறங்கவில்லை.

குடையோடு வந்தவர் எங்கள் மானேஜர் அஸீஸ் இக்கா. இக்கா என்றால் அங்கே அண்ணன். ஒல்லியான ஆள், வெள்ளை வேட்டி. மழையோ வெயிலோ இல்லாவிட்டாலும் கறுப்புக் குடை கையில் இருக்கும். என் பேரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை, "கொல்லி" என்றுதான் கூப்பிடுவார். சுற்றிலும் சத்தம் கூடக்கூட அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். கேலரியே அதிர்கிற நேரத்தில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டும். அவர் பேசியது மலையாளம். என் வசதிக்குத் தமிழிலேயே எழுதுகிறேன்.

செவன்ஸ் டீம் வேன் ஓட்டுவது சாதாரண வண்டி ஓட்டுகிற மாதிரி இல்லை. ஆட்டத்துக்கு ஆளைக் கொண்டுபோவது சுலபம். ஜெயித்த பிறகு ஆளை வெளியே எடுப்பதுதான் வேலை. விசில் அடித்த உடனே கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிடும். வண்டி முன்கேட்டில் நிற்கக் கூடாது. பின்கேட்டிலும் நிற்கக் கூடாது. "நெஜமாப் பிரியம் வெச்சவன் பின்கேட்லதான் நிப்பான், அவன்கிட்டயிருந்துதான் தப்பிக்கறது கஷ்டம்" என்பார் இக்கா. பக்கவாட்டு வேலியில் முதலிலேயே ஒரு கட்டு கழற்றி வைத்து, வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்க்க, கதவு ஆட்டக்காரர் கூடாரத்தைப் பார்க்க நிறுத்த வேண்டும். விசிலுக்கு முன்னாலேயே இஞ்சின் ஓட வேண்டும், லைட் போடக் கூடாது. ஹாரன் கூடவே கூடாது. ஹாரன் அடித்தால் ஆள் இங்கேதான் இருக்கிறான் என்று நாமே பறை சாற்றின கணக்கு.

கண்ணாடியை முழுசாக ஏற்றவும் கூடாது. ஏற்றினால் கண்ணாடியை அடிப்பார்கள். பாதி இறக்கி வைத்தால் கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு மனசு நிறைந்து போய்விடுவார்கள். "கையை உள்ள விட்டவன் கல்லைத் தூக்கமாட்டான், கொல்லி." ஆட்டக்காரன் ஓடக் கூடாது, நடக்க வேண்டும். ஓடினால் கூட்டம் துரத்தும், நடந்தால் விலகும்.

வழி விடாத கூட்டத்துக்கு இருக்கவே இருந்தது குடை. இக்கா அதை வைத்து யாரையும் இடித்ததில்லை. ஆட்டக்காரனுக்கு முன்னால் நின்று, பூ மலர்கிற மாதிரி மெதுவாக விரிப்பார். கம்பி கண்ணில் படுமே என்று அவனவன் தானாக ஓர் அடி பின்னால் போவான். அந்த ஓர் அடியில் நாங்கள் ஆளை நகர்த்தி வண்டியில் ஏற்றிவிடுவோம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன்னால் எல்லார் போனும் ஒரு துணிப்பைக்குள் போய்விடும். பையின் வாயைக் கட்டி என் சீட்டுக்குப் பின்னால் மாட்டிவிடுவார். "பந்து நிக்கற வரைக்கும் வீட்டுச் சேதி உள்ள வரக் கூடாது." வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள். ஊரில் சண்டை, காய்ச்சல், பெண்டாட்டி கோபம் என்று ஒரு போன் வந்தால் கால் நடுங்கிப் போகும் என்பது அவர் கணக்கு.

இப்படி எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். க்வாமே மாதிரி ஒரு கூட்டத்தை இழுத்தவன் வேறு யாரும் இல்லை. முன்னணி ஆட்டக்காரன், கோல் அடிக்கிறவன். உயரம் நடுத்தரம்தான், ஆனால் காலில் பந்து பட்டால் கேலரி முழுக்க மூச்சை நிறுத்திவிடும். சலூனில் 'க்வாமே கட்டிங்' என்று போர்டு தொங்கியது. ஆட்டோவுக்குப் பின்னால் அவன் பேர். ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டிக்கே க்வாமே என்று பேர் வைத்துக் கூப்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்குமாமே, எனக்கும் டீக்கடையில் காசு வாங்கமாட்டார்கள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். அவனிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "நாளைக்கு எத்தனை கோல்?" அடுத்த கேள்வி யாரிடமும் கிடையாது. வேனில் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காருவான். ரோட்டு முக்கில் அவனுடைய பெரிய பிளெக்ஸ் வந்தால் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொள்வான். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் மலையாளம், நான் சொல்லிக்கொடுத்த தமிழ், எல்லாம் கலந்து பேசுவான்.

"க்வாமேன்னா என்ன அர்த்தம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சனிக்கிழமை பொறந்தவன், அண்ணா. எங்க ஊர்ல கிழமைதான் பேரு."

"எங்க ஊர்ல சனியனேன்னு கூப்பிட்டா அடிக்க வருவாங்க. நீ என்னடான்னா அதையே சட்டைல அச்சடிச்சுப் போட்டுட்டுத் திரியற."

அவன் சிரித்த சிரிப்பில் பின்சீட்டில் தூங்கினவர்கள் எழுந்துவிட்டார்கள்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. தினம் சாயங்காலம் நான் மலைக்குப் போன் போட்டு, டவர் கிடைக்கிற பாறைமேல் வந்து நிற்கிற என் வீட்டுக்காரி நல்லம்மாளிடம், "இன்னைக்கு என்ன ஆக்குன?" என்று கேட்பேன். அவன் பக்கத்திலிருந்து, "அண்ணா, இன்னைக்கு என்ன?" என்பான். ராகிக் களி, அவரைக்காய்க் குழம்பு என்று சொல்வேன். உடனே அவன் தன் அம்மா என்ன சமைப்பாள் என்று சொல்வான். அங்கேயும் நம்ம குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி. வேகவைத்து, வாழைக்காயும் சேர்த்து, உரலில் போட்டு இடித்து, உருண்டை பிடித்துக் குழம்பில் முக்கித் தின்பார்களாம். மறுநாள் நான் நல்லம்மாளிடம் சொல்வேன். "கெழங்கை இடிப்பாங்களா? அந்தம்மா கை என்னத்துக்கு ஆகும்?" என்று கவலைப்படுவாள். பார்த்தே இராத இரண்டு பொம்பளைகள், இரண்டு ஆம்பளைகள் வாய் வழியாகப் பழகிக்கொண்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் போன் வந்தது.

கேலரி நிறைந்து மரக்கிளையெல்லாம் ஆள். நான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். சீட்டுக்குப் பின்னால் துணிப்பை நடுங்குகிறது. நின்றது. மறுபடி நடுங்கியது. நிற்கவே இல்லை. பையை அவிழ்க்க எனக்கு அதிகாரம் கிடையாது. அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டு இக்காவிடம் ஓடினேன். அவர் கட்டை அவிழ்த்தார், போனில் வந்த பேரைப் பார்த்தார், எடுத்துப் பேசினார். பேசினார் என்பது தப்பு, கேட்டுக்கொண்டே இருந்தார். க்வாமேவுடைய அண்ணன். அம்மா காலையில் போய்விட்டாள்.

இக்கா போனைத் திரும்பப் பைக்குள் போடப் போனார், போடவில்லை. "சட்டம் போட்டவன் நான்தான், கொல்லி. வீட்டுச் சேதி உள்ள வரக் கூடாதுன்னு. ஆனா இது வீட்டுச் சேதி இல்ல. வீடே போன சேதி. இதை அடைச்சு வைக்க எனக்கு உரிமை இல்ல."

க்வாமேவை வேனுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் முழங்காலில் கை வைத்து, அவரே சொன்னார். சொல்லிவிட்டு, "ஆட வேண்டாம்னா வண்டி இப்பவே கெளம்பும். கப் போனாப் போகுது" என்றார்.

அவன் அழவில்லை. அரைக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். கேலரி அவன் பேரைச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தது. "கெளம்பி எங்க போறது?" என்று கேட்டான்.

ரூமுக்குப் போனால் ரூம் கேட்டிலும் இதே கூட்டம்தான். அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினான்.

இரண்டு கோல் அடித்தான். விசில் ஊதியதும் வேலிக் கட்டெல்லாம் பிய்ந்துவிட்டது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் முழுக்க ஈரம், வாய் கோணியிருந்தது. தோளில் இருந்தபடி தேம்பித் தேம்பி அழுகிறான், கீழே ஆயிரம் பேர் ஆடுகிறார்கள். மைக்கில் ஒருத்தர், "பாருங்க, நமக்காக அழறான் பாருங்க!" என்று கத்தினார். அதைக் கேட்டுச் சந்தோசத்தில் அவர்களும் அழுதார்கள்.

இக்கா குடையை விரித்தார். ஒருவழியாக ஆளை ஏற்றினோம். பாதிக் கண்ணாடி வழியாகக் கைகள் உள்ளே வந்தன. கன்னத்தைத் தட்டின, தலையைத் தடவின, காதைப் பிடித்து இழுத்தன. என் உத்தியோகத்தில் முதல்தடவையாகக் கண்ணாடியை முழுசாக ஏற்றினேன். வெளியே அடிக்க ஆரம்பித்தார்கள். பிரியத்தில் அடித்தாலும் கோபத்தில் அடித்தாலும் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்கிற சத்தம் ஒன்றுதான்.

மறுநாள் சேதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவர்கள் செய்த காரியத்தை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ரசிகர்கள் ஒன்றுகூடி முக்குரோட்டில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு அஞ்சலி பிளெக்ஸ் கட்டினார்கள். அம்மாவின் போட்டோ யாரிடமும் இல்லை. ஆகவே மகன் போட்டோவைப் போட்டார்கள். ஜெர்சியோடு பல் தெரியச் சிரிக்கிற க்வாமே, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து, அடியில் பொடி எழுத்தில் அம்மா சமாச்சாரம். பஸ்ஸில் போகிறவன் பொடி எழுத்தையா படிப்பான்? மத்தியானத்துக்குள் க்வாமே செத்துவிட்டான் என்று நாலு பஞ்சாயத்துக்குப் பரவிவிட்டது. உடலைப் பார்க்க ரூம் வாசலில் கூட்டம். பொம்பளைகள் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் க்வாமே மாடி வராந்தாவுக்கு வந்து நின்றான். கீழே பொம்பளைகள் வாயில் பொத்தின துணியை எடுத்தார்கள். அப்புறம் கை தட்டினார்கள். அம்மா செத்த மறுநாள், மகன் உயிரோடு இருக்கிறானே என்று ஊரே கை தட்டியது. அவனும் பழக்கதோசத்தில் கை அசைத்தான். அசைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. அவன் அம்மா சொல்வாளாம்: "ஊருக்குப் புதுசா வந்தவனுக்குக் கண்ணு பெருசு, ஆனா பார்வை இல்லை." அங்கே தலைகீழ். ஊருக்குத்தான் கண்ணு பெருசாக இருந்தது.

அவன் உடனே ஊருக்குப் போகவும் முடியாது. நாட்டை விட்டுப் போனால் அந்த சீசனில் திரும்பி வர விசா கிடைக்காது. அவர்கள் வழக்கத்தில் உடலைக் குளிரில் வைத்துப் பல வாரம் கழித்து, சொந்தமெல்லாம் கூடிய பிறகுதான் அடக்கம். "சீசன் முடிச்சுட்டு வா, அதுவரைக்கும் அம்மாவை வெச்சிருக்கோம்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அதுவரைக்கும் அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? அதுதான் கேள்வி.

இக்கா என்னைக் கூப்பிட்டார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது. "கொல்லி, உன் மலைல பந்து பாக்கறவன் இருக்கானா?"

"எங்கூர்ல பந்துன்னா வாலிபால்தானுங்க. அதுவும் நோம்பி திருவிழாவுக்குத்தான்."

"டவர் இருக்கா?"

"பாறை மேல ஏறி நின்னா ஒரு கோடு ரெண்டு கோடு வரும்."

"அப்பக் கூட்டிட்டுப் போ."

பேளுக்குறிச்சியில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். சந்தை நாள், நல்ல கூட்டம். நல்லெண்ணெய், மல்லி, மிளகு என்று அவரவர் பேரத்தில் இருந்தார்கள். க்வாமே தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியை எடுத்துவிட்டான். அப்புறமும் யாரும் வரவில்லை. "ஒருத்தர்கூடத் திரும்பலையே, அண்ணா" என்றான். நிம்மதியில் சொன்னானா, ஏக்கத்தில் சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை. அவனுக்குமே விளங்கியிருக்காது.

எழுபது கொண்டை ஊசியும் ஏறி வீட்டு வாசலில் நிறுத்தினேன். நல்லம்மா வெளியே வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை, எழவு வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. நேரே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"ஏஞ்சாமி, உங்காத்தா என்ன ஆக்குனாங்கன்னு தெனம் கேட்டனே, அந்தக் கையில ஒரு வாய் வாங்கித் திங்காமப் போயிட்டனே!"

அவனுக்கு வார்த்தை புரியவில்லை. அந்தக் குரல் புரிந்திருக்க வேண்டும். பாயில் உட்கார்ந்தான்.

நல்லம்மா அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டாள். எழவு வீட்டில் மூணு நாளைக்கு அடுப்பு எரியாது, அக்கம்பக்கம் சோறு கொண்டுவரும். செத்தவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே என்று நான் இழுத்தேன். "மகன் இங்க இருக்கறானல்ல? அப்ப எழவும் இங்கதான்" என்றாள். பேச்சு முடிந்தது.

ஊர்க்கவுண்டர் வந்தார். எங்கள் குடியிருப்புக்கு நல்லது கெட்டது பார்க்கிறவர், முரட்டு மீசை, கம்பளி போர்த்தியிருப்பார். "இந்தப் பையனுக்கு இங்க பங்காளி யாரு?" என்றார்.

"யாருமில்லீங்கண்ணா."

"யாருமில்லாம எப்படி? நீ கூட்டிட்டு வந்தீல்ல. அப்ப நீதான் பங்காளி" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டிலிருந்து களியும் கீரையும் அனுப்பிவைத்தார். ஒரு நாள் ஒரு வீடு, மறுநாள் இன்னொரு வீடு. யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. வருவார்கள், சட்டியை வைப்பார்கள், சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். அவனும் சும்மா இருந்தான். கண்ணீர்தான் வரவில்லை. மேட்ச்சில் வந்ததோடு நின்றுபோயிருந்தது.

மூணாம் நாள் வந்தது வினை. அன்னாசி ஏற்ற வந்த ஒரு காலேஜ் பையன் அவனைப் பார்த்துவிட்டான். போனில் பந்தாட்டம் பார்க்கிறவன் போல. "ஐயோ, இவரா!" என்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் செம்மேட்டிலிருந்தும் பைல் நாட்டுப் பக்கமிருந்தும் பைக் பைக்காக வந்து இறங்கிவிட்டார்கள். எல்லார் கையிலும் போன். இங்கே வேலியும் இல்லை, கூடாரமும் இல்லை, குடையும் இல்லை. வண்டியின் மூக்குகூட வீட்டைப் பார்த்து நிற்கிறது.

சத்தம் கேட்டு க்வாமே எழுந்து வாசலுக்கு வந்தான். வந்ததும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஏறியதைப் பார்த்தேன். பிளெக்ஸில் இருக்கிற அதே சிரிப்பு.

ஊர்க்கவுண்டர் எங்கிருந்தோ வந்து நடுவில் நின்றார்.

"எங்கடா வந்தீங்க?"

"அண்ணனைப் பாக்க வந்தமுங்க. ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிர்றோமுங்க."

"இது என்ன ஊடுன்னு தெரியுமா? எழவு ஊடு. பையனோட ஆத்தா செத்துப் போயிட்டா. நல்லதுக்கு அழைச்சாப் போ, கெட்டதுக்கு அழைக்காமப் போம்பாங்க. அழைக்காம வந்துட்டீங்க, சந்தோசம். வந்தவன் வந்த மொறையைச் செஞ்சுட்டுப் போகோணும். போனை இடுப்புல சொருகு. துண்டு இருக்கறவன் துண்டை எடு. வரிசைல நில்லு."

பையன்கள் முழித்தார்கள். ஆனால் எல்லாருமே இந்த மலையில் பிறந்தவர்கள். முறை தெரியாதவன் ஒருத்தனும் இல்லை. போன்கள் பைக்குள் போயின.

எங்கள் பக்கம் துக்கம் கேட்பது பேச்சில் இல்லை. வருகிறவர் இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டுவார். துக்கக்காரர் தன் இரண்டு கையால் அதைத் தொட்டுவிடுவார். அவ்வளவுதான். அடுத்தவர் வருவார்.

ஊர்க்கவுண்டர் முதல் ஆளாகக் கையை நீட்டினார். க்வாமே அந்தச் சிரிப்போடு வலதுகையைக் கொடுத்துக் குலுக்கப் பார்த்தான். அவர் அசையவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் பக்கத்தில் நின்று அவன் இரண்டு கையையும் எடுத்து அவர் கைமேல் வைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார். அடுத்தவர். அடுத்து ஒரு பைக் பையன். க்வாமே முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்தவன். அடுத்தவன்.

எத்தனை வருசமாக எத்தனை ஆயிரம் கை அவனைத் தொட்டிருக்கும்! சட்டையைப் பிடித்த கை, முடியைப் பிடுங்கிய கை, தோளில் தூக்கிய கை. அவனிடமிருந்து எதையும் எடுத்துப்போக வராத கையை அன்றைக்குத்தான் பார்த்தான். ஏழெட்டுப் பேர் போயிருப்பார்கள், சிரிப்பு தானாகக் கழன்று விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "மாமே, மாமே" என்று தன் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டு வாய்விட்டு அழுதான். வரிசை நிற்கவில்லை. குனிந்து, உட்கார்ந்திருக்கிறவன் கையைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நின்ற காலேஜ் பையனும் அழுதுவிட்டான்.

மறுநாள் காலையில் அடுப்புப் பற்றவைத்தாள் நல்லம்மா. குச்சிக்கிழங்கு வேகவைத்தாள். க்வாமே கொல்லைப் பக்கம் போய் உரலைத் தட்டிக் காட்டினான். இவள் உரலைக் கழுவிவிட்டாள். அவன் உலக்கையைப் பிடித்து இடிக்க, இவள் ஓரத்தைத் தள்ளிவிட, கிழங்கு மாவாகி உருண்டையானது. அவரைக்காய்க் குழம்பில் முக்கித் தின்றோம். "பசையாட்ட இருக்குது" என்று என் காதில் சொன்னாள். அவனிடம், "நல்லா இருக்குது சாமி" என்றாள்.

சீசன் முடிந்து போய் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, அடுத்த வருசமும் வந்தான். அந்த வருசம் முழங்கால் பிசகிவிட்டது. தேர் ஓடும் வரைக்கும்தானே தெருவில் கூட்டம். புதுசாக ஒரு பையன் வந்தான், அதே முக்கில் அவன் பிளெக்ஸ் ஏறியது. க்வாமே கால் தாங்கிக்கொண்டு கடைக்குப் போனான், ஒருத்தரும் திரும்பவில்லை. தன் பேர் வைத்த அந்த ஆட்டுக்குட்டி என்ன ஆனது என்று கேட்டான். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஊருக்கே போய்விட்டான். பின்னால் இக்காவும் குடையை மடக்கிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். எனக்குக் கண் மங்கியது, நானும் மலை ஏறிவிட்டேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் நல்லம்மா போய்விட்டாள். காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், அவ்வளவுதான். ஊர் கூடியது, கை நீட்டியது, அடுப்பு அணைந்தது. முறையில் ஒரு குறை இல்லை. கருமாதி முடிந்து மகளும் திருப்பூருக்குப் போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது. சாயங்காலமானால் கை தானாகப் போனைத் தேடும். இருபது வருசப் பழக்கம். அங்கிருந்து இங்கே கேட்டேன், இங்கிருந்து எங்கே கேட்பது?

அப்படி ஒரு சாயங்காலம் போன் அடித்தது. க்வாமே. எப்போதாவது இப்படி முகம் தெரிகிற மாதிரி போன் போடுவான். இப்போது மலையில் டவர் வந்துவிட்டது. அவனுக்குச் சேதி தெரியாது. எடுத்ததும் எப்போதும் போல, "அண்ணா, இன்னைக்கு என்ன?" என்றான்.

பொய்யாகவாவது களி என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். எனக்குப் பின்னால் எரியாத அடுப்பைப் பார்த்தான்.

"அக்கா?" என்றான்.

நான் தலையை ஆட்டினேன்.

போனை எதன்மீதோ சாய்த்து வைத்தான். முகம் மறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன, சேர்த்து, முன்னால் நீட்டியபடி. நானும் என் போனை மிளகு மூட்டையில் சாய்த்துவைத்து இரண்டு கையாலும் தொட்டேன். தொட்டதும் போன் சரிந்து மல்லாந்து விழுந்துவிட்டது. அவனுக்கு என் வீட்டுக் கூரைதான் தெரிந்திருக்கும். அவன் எடுத்து நிறுத்தச் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து நான் எடுத்துப் பார்த்தபோது அந்தக் கைகள் அப்படியே இருந்தன.

பந்தயம் வைக்கிற அந்த நாலு பையன்களும் க்வாமே போட்டோவை எங்கிருந்தோ தேடி எடுத்துவிட்டார்கள். போன வாரம் ரேசனுக்குச் செம்மேடு போனேன். பஸ் ஸ்டாண்டு முக்கில் பெரிய பிளெக்ஸ், க்வாமே பல் தெரியச் சிரிக்கிறான். மங்கல் கண்ணுக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நின்றுவிட்டேன். எங்கள் குடியிருப்பிலிருந்து வந்திருந்த ஊர்க்கவுண்டர் மருமகளும் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறிப்போனது.

"மாமா, இது நல்லம்மாக்கா ஊட்டுல எழவுக்கு உக்காந்த புள்ளையல்ல? ஐயோ, அவனுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல அம்மிணி. நல்லாத்தான் இருக்கறான். பந்து வெளையாட்டுக்குப் போட்டிருக்காங்க."

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். மறுபடியும் பிளெக்ஸை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அவன் பந்து வெளையாடுவானா?"

"ஏதோ கொஞ்சம் வெளையாடுவான்" என்றேன்.